பன்னாட்டுப் பள்ளி வகுப்பறைக்கு எந்த வளங்கள், என்ன செயல்பாடுகள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வகுப்பில் பத்து வீட்டு மொழிகள். சிலர் போன மாதம்தான் வந்து சேர்ந்தவர்கள், சிலர் அடுத்த பருவத்தில் வேறு நாட்டுக்குக் கிளம்பப் போகிறவர்கள். இப்படிப்பட்ட வகுப்பில் பாடம் நடத்துகிறவர்களும், அங்கே படிக்கிறவர்களும், அவர்களின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தளங்களின் பெயர்களை எங்கும் தேடி எடுத்துவிடலாம். அவற்றை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம்.

இணையத்தில் கற்றல் தளங்கள் குவிந்து கிடக்கின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: நேற்று சேர்ந்த, ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளை இதில் உண்மையாகவே பங்கெடுக்க முடியுமா? முடியும் என்றால் அது நல்ல வளம். அந்தப் பிள்ளை ஓரமாக உட்கார்ந்து வண்ணம் தீட்ட, மற்றவர்கள் பாடம் படிப்பார்கள் என்றால், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, இலவசமா, பிள்ளைகளிடம் என்னென்ன விவரம் கேட்கிறது, எத்தனை மொழிகளில் கிடைக்கிறது என்று பாருங்கள். நல்ல தளங்கள் நான்கைந்து போதும். ஒன்றை ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கருவி பழகிவிடும், யோசனை பாடத்தின் மேல் போகும். வாரம் ஒரு புதுச் செயலி என்றால் பாதி நேரம் கடவுச்சொல்லிலேயே கரைந்துவிடும்.

ஐபி, கேம்பிரிட்ஜ் என்று பாடத்திட்டம் மாறுகிறதே, வளங்களும் மாறுமா?

தேர்வு சார்ந்தவை மட்டும் மாறும். ஐபி (International Baccalaureate) என்ற பன்னாட்டுக் கல்வி அமைப்பு 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. தொடக்க நிலை, நடுநிலை, பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான டிப்ளோமா, தொழில்சார் படிப்பு என அதற்கு இப்போது நான்கு திட்டங்கள். சுமார் பதினாறு வயதில் எழுதும் கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ தேர்வு 1988இல் முதன்முதலாக நடந்தது. இவற்றின் பாட வழிகாட்டிகள், மாதிரி விடைகள், மதிப்பெண் அளவுகோல்கள் எல்லாம் பள்ளிக் கணக்கு வழியாக அந்தந்த அமைப்பின் ஆசிரியர் தளத்தில் கிடைக்கும். முதலில் அங்கே போங்கள். வெளியே விலைக்கு விற்கும் குறிப்புகளில் பல, பழைய பாடத்திட்டத்துக்கு எழுதியவை. மற்றபடி கீழே சொல்லும் எதையும் எந்தப் பாடத்திட்டத்திலும் பயன்படுத்தலாம்.

கணிதத்துக்கும் அறிவியலுக்கும் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

முதலில் ஃபெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிகள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, எல்லாம் இலவசம். மின்சுற்றுக்கான சிமுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கலம், கம்பி, விளக்கு மூன்றையும் இழுத்து இணைத்தால் விளக்கு எரியும். இதற்கு ஒரு சொல்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். இன்னொரு விளக்கை அதே வரிசையில் சேர்த்தால் இரண்டும் மங்கும். பக்க இணைப்பில் சேர்த்தால் மங்காது. மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் ‘என்ன ஆகும்?’ என்று ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். ஊகம் முதலில், சோதனை அப்புறம், விளக்கம் கடைசியில். இந்த வரிசையை விட்டுவிட்டால் அது வெறும் விளையாட்டாகப் போய்விடும்.

வடிவியலுக்கும் வரைபடங்களுக்கும் ஜியோஜீப்ரா. தனியாகப் பயிற்சி செய்ய, விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க கான் அகாடமி. பள்ளி மாறிவந்த பிள்ளைக்குப் பின்னங்கள் இரண்டு முறை வந்திருக்கும், இயற்கணிதம் ஒரு முறைகூட வந்திருக்காது. அந்த ஓட்டையை அடைக்க இது நன்றாக உதவும்.

மொழி குறைவாகத் தெரிந்தவரும் பேசும்படி ஒரு செயல்பாடு சொல்லுங்களேன்.

ஒரு படத்தை எடுங்கள். என்ன பார்க்கிறேன், என்ன நினைக்கிறேன், என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன் என்று மூன்றே கேள்விகள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1967இல் தொடங்கிய புராஜெக்ட் ஜீரோ ஆய்வுக் குழு உருவாக்கிய சிந்தனைப் பயிற்சிகளில் இது ஒன்று.

எடுத்துக்காட்டுக்கு, ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை ஓவியத்தைத் திரையில் காட்டுங்கள். முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது. முதலில் எல்லோருக்கும் தெரிவது அலைதான். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் படகைக் காண்பார், இன்னொருவர் ‘ஒன்றில்லை, மூன்று’ என்பார். படகுகளுக்குள் குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் அதற்கும் பிறகுதான் கண்ணில் படுவார்கள். பின்னால் இருப்பது இன்னொரு அலை என்று நினைத்தது பனி மூடிய ஃபியூஜி மலை என்று தெரியும்போது வகுப்பே ஒரு கணம் திரும்பிப் பார்க்கும். ‘படகு’ என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தெரியாத பிள்ளை எழுந்து போய் விரலால் தொட்டுக் காட்டலாம். தன் மொழியில் எழுதலாம். பார்த்தது அந்தப் பிள்ளைதான், சொல்லைப் பக்கத்தில் இருப்பவர் தருவார்.

இதில் ஆசிரியர் அடிக்கடி தவறுவது முதல் கேள்வியில். ‘பயமாக இருக்கிறார்கள்’ என்று பிள்ளை சொன்னால் அது பார்த்ததில்லை, நினைத்தது. ‘எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்டு முதல் கேள்விக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

படங்களுக்குப் பஞ்சமில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இலும், ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020இலும் தங்கள் சேகரிப்பின் லட்சக்கணக்கான படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன.

வேறு நாட்டுப் பள்ளியோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும். வீடியோ அழைப்பில் வணக்கம் சொல்வதோடு முடிந்துவிடுகிறது.

இரண்டு வகுப்புகளும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும் என்கிற மாதிரி ஒரு வேலையைக் கொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது நிழலை வைத்துப் பூமியை அளப்பது. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தீனஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தின் இரண்டு ஊர்களை வைத்துச் செய்தது. இரண்டு ஊர்களிலும் சூரியக் கதிர் விழும் கோணம் ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபட்டது, ஆகவே பூமியின் சுற்றளவு அந்த ஊர்களுக்கு இடையிலான தூரத்தைப் போல ஐம்பது மடங்கு என்றார்.

செய்முறை இதுதான். இரண்டு பள்ளிகளும் ஒரே நாளில், சமதரையில் ஒரு மீட்டர் குச்சியை நட்டுக்கொள்ள வேண்டும். நேராக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். நண்பகலுக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும். கடிகாரம் பன்னிரண்டு காட்டும் நேரம் வேறு, நிழல் மிகக் குறுகும் நேரம் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. பிள்ளைகளுக்கு இதுவே ஒரு வியப்பு.

ஒரு பள்ளியில் மிகக் குறுகிய நிழல் 36 சென்டிமீட்டர், மற்றதில் 58 என்று வையுங்கள். மூத்த மாணவர்கள் முக்கோணவியலால் கணக்கிடுவார்கள். சிறியவர்கள் முக்கோணத்தை அளவு மாறாமல் தாளில் வரைந்து கோணமானியால் அளக்கலாம். 19.8 பாகையும் 30.1 பாகையும் வரும். வித்தியாசம் 10.3. இரு பள்ளிகளுக்கும் இடையே வடக்கு-தெற்குத் தூரத்தை மட்டும் வரைபடத்தின் அளவுகோலை வைத்து அளக்க வேண்டும், கிழக்கு மேற்கு கணக்கில் வராது. அது 1,145 கிலோமீட்டர் என்றால், 360ஐ 10.3ஆல் வகுத்து 1,145ஆல் பெருக்கினால் சுமார் 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவும் அதுதான். ஒரு பள்ளியில் நிழல் வடக்கிலும் மற்றதில் தெற்கிலும் விழுந்தால் கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்.

மேகம் மறைத்துவிட்டால்? மறுநாள் இரண்டு பள்ளிகளும் மறுபடி அளக்கலாம். அந்தப் பேச்சுவார்த்தையில்தான் பிள்ளைகள் உண்மையிலேயே பழகுவார்கள். துணைப் பள்ளி கிடைக்கவில்லை என்றால், 1988 முதல் பள்ளிகளை இணைத்துவரும் ஐஎர்ன் வலையமைப்பில் தேடுங்கள். இன்னும் எளிதான வழி, உங்கள் வகுப்பிலிருந்து போன பிள்ளை இப்போது படிக்கும் பள்ளிக்கு எழுதுவது.

புதிதாக வந்த பிள்ளை மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. கவலைப்பட வேண்டுமா?

பொறுமை வேண்டும். அன்றாடம் பேசும் மொழி சுமார் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், பாடப் புத்தக மொழி சக மாணவர் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் எழுதினார். மைதானத்தில் சரளமாகப் பேசும் பிள்ளை வரலாற்றுக் கட்டுரையில் திணறினால் அது சோம்பல் அல்ல.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் முதலில் கொடுக்கச் சொல்வது இருமொழிப் புத்தகம் செய்யும் வேலை. சொற்களே இல்லாத படக் கதை ஒன்றைக் கொடுத்து, கதையைத் தன் மொழியில் எழுதச் சொல்லுங்கள். முழு வேகத்தில், முழு அறிவோடு எழுதட்டும். அப்புறம் அதே மொழி தெரிந்த மூத்த மாணவரோ பெற்றோரோ உட்கார்ந்து, பிள்ளையோடு சேர்ந்து ஆங்கில வரிகளைக் கீழே எழுதலாம். ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதும் பிள்ளை தன் மொழியில் மூன்று பக்கம் எழுதுவதைப் பார்த்த ஆசிரியர் அதன் பிறகு அந்தப் பிள்ளையை வேறு கண்ணால் பார்ப்பார். புத்தகம் நூலகத்தில் மற்ற புத்தகங்களோடு அடுக்கப்பட வேண்டும், கடன் அட்டையோடு. அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பது போதாது.

மொழிபெயர்ப்புச் செயலியையும் செயற்கை நுண்ணறிவையும் அனுமதிக்கலாமா?

புரிந்துகொள்வதற்கு, தாராளமாக. வீட்டுப்பாடக் குறிப்பு, சோதனைக்கூடப் பாதுகாப்பு விதிகள், பெற்றோருக்கு அனுப்பும் கடிதம் எல்லாவற்றுக்கும் உதவும். முக்கியமான கடிதத்தை மட்டும் அந்த மொழி அறிந்த ஒருவர் படித்துப் பார்த்தபின் அனுப்புங்கள்.

எழுதுவதற்கு என்றால் கவனம் வேண்டும். பிள்ளை தன் மொழியில் எழுதிச் செயலியில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் இரண்டையும் வாங்கி வையுங்கள். யோசனை யாருடையது என்று மூலப் பிரதியில் தெரியும். ஐபி அமைப்பு செயற்கை நுண்ணறிவைத் தடை செய்யவில்லை. ஆனால் பயன்படுத்தியதை மற்ற மேற்கோள்களைப் போலவே மாணவர் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும், குறிப்பிடாவிட்டால் அது நேர்மைக் குறைவு.

வீட்டில் ஆங்கிலத்தில் பேச ஆரம்பிக்கலாமா? பள்ளியில் சொல்கிறார்கள்.

வேண்டாம். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள், கதை சொல்லுங்கள், சண்டைகூடப் போடுங்கள். ஒரு கருத்தைத் தாய்மொழியில் ஆழமாகப் புரிந்துகொண்ட பிள்ளை இன்னொரு மொழியில் அதற்குப் பெயரை மட்டும் கற்றால் போதும். பாதி தெரிந்த ஆங்கிலத்தில் வீட்டில் பேசினால் பிள்ளைக்கு எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காமல் போகலாம்.

படிக்கக் கொடுக்க வளங்கள் இருக்கின்றன. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்பட 300க்கும் மேற்பட்ட மொழிகளில் படக் கதைகள் இலவசம். ஒரே கதையைப் பல மொழிகளில் திறக்கலாம் என்பதால் பாட்டியும் பேரனும் ஒன்றாகப் படிக்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு, 1998 முதல் தமிழ் நூல்களை மின்னூலாக்கிவரும் மதுரைத் திட்டம் இருக்கிறது.

ஐபி டிப்ளோமாவில் பள்ளி உங்கள் மொழியைக் கற்பிக்காவிட்டாலும், பள்ளி உதவியோடு தானே கற்கும் முறையில் தாய்மொழி இலக்கியத்தை ஸ்டாண்டர்ட் லெவல் என்ற மட்டத்தில் எடுக்க வழி உண்டு. பதினோராம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள், தாமதித்தால் நூல் பட்டியல் தயாரிக்கவே நேரம் இருக்காது.

பன்னாட்டு தினம் என்றாலே கொடி, உடை, ஊர்வலம். வேறு என்ன செய்யலாம்?

கொடி பிடிப்பதில் தவறில்லை, ஆனால் ஒரு நாட்டில் பிறந்து, இன்னொன்றின் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு, மூன்றாவதில் வளரும் பிள்ளை எந்தக் கொடியின் கீழ் நிற்கும்? இப்படி வளரும் பிள்ளைகளை மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று 1950களிலேயே பெயரிட்டார் சமூகவியலாளர் ரூத் யூசீம். ‘நீ எந்த ஊர்?’ என்பது அவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை.

அவர்களுக்கும் இடம் தருவது மொழிச் சித்திரம். மனித உருவத்தின் வெளிக்கோடு மட்டும் வரைந்த தாளை எல்லோருக்கும் கொடுங்கள். தெரிந்த, பாதி தெரிந்த, தெரிந்துகொள்ள விரும்பும் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நிறம். அது உடம்பில் எங்கே இருக்கிறதோ அங்கே தீட்ட வேண்டும். ஒரு பிள்ளை கணக்குப் போடும் மொழியைத் தலையிலும், அம்மாவோடு பேசும் மொழியை நெஞ்சிலும், மறந்துகொண்டிருக்கும் மொழியைக் காலிலும் வைக்கும். ஏன் அங்கே என்று விளக்க விரும்புகிறவர்கள் மட்டும் விளக்கட்டும். ஏதோ காரணத்தால் ஒரு மொழியைப் பற்றிப் பேச விரும்பாத பிள்ளையும் இருக்கும், அதைத் தோண்டக் கூடாது. ஆசிரியரும் தன் சித்திரத்தை வரைந்து முதலில் காட்ட வேண்டும்.

நடுநிலை வகுப்புகளுக்கு, கேப்மைண்டர் அறக்கட்டளையின் டாலர் ஸ்ட்ரீட் தளம். 50க்கும் மேற்பட்ட நாடுகளின் வீடுகளை வருமான வரிசையில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ‘பல் துலக்கி’ என்று தேடினால் உலகம் முழுவதுமுள்ள பல் துலக்கிகள் வரிசையாக நிற்கும். நாட்டுப் பெயரை மறைத்துவிட்டு, எந்தெந்த வீடுகள் ஒத்திருக்கின்றன என்று அடுக்கச் சொல்லுங்கள். வாழ்க்கையைத் தீர்மானிப்பதில் நாட்டைவிட வருமானத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ‘பாவம்’ என்ற சொல் எழுந்தால், அந்த வீட்டுக்காரர் அருகில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வாய் என்று கேளுங்கள்.

கோடிங்?

எட்டு வயதுக்கு மேல், கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச், அதற்குக் கீழே ஸ்கிராட்ச் ஜூனியர். எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் 70க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. கட்டளைகளின் மொழியை ஒரே சொடுக்கில் மாற்றலாம் என்பதால், இருவர் இரண்டு மொழிகளில் ஒரே விளையாட்டை உருவாக்கலாம்.

வகுப்பறைக்கு வெளியே?

சீக் செயலி. செடியையோ பூச்சியையோ கேமராவில் காட்டினால் இனத்தை ஊகித்துச் சொல்லும், சிறுவர்கள் கணக்குத் தொடங்க வேண்டாம். 13 வயதுக்கு மேல் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் சேர்ந்து பதிவு செய்தால் அந்தத் தரவு ஆய்வாளர்களுக்கும் பயன்படும். புதிய நாட்டுக்கு வந்த பிள்ளை பள்ளி வளாகத்து மரங்களின் பெயர்களைக் கற்பது, அந்த இடத்தோடு பழகிக்கொள்ள நல்ல வழி.

மூத்த மாணவருக்கு, கருத்து கிடைக்காமல் தவிக்கும்போது?

ஐபி டிப்ளோமாவின் அறிவுக் கோட்பாட்டுக் (Theory of Knowledge) கண்காட்சியில், அறிவைப் பற்றிய ஒரு கேள்வியைப் பொருட்களை வைத்து ஆராய வேண்டும். அதற்கு மூன்று பொருட்கள் வேண்டும். பொதுவான பொருள் எப்போதும் பலவீனம். ‘ஒரு வரைபடம்’ வேண்டாம். உங்கள் பள்ளி நூலகத்து அட்லஸில், சர்ச்சைக்குரிய எல்லையைப் புள்ளிக்கோட்டில் காட்டும் அந்த ஒரு பக்கம் வேண்டும். அதே எல்லை வேறு பதிப்பில் அழுத்தமான கோடாக இருந்தால் இன்னும் நல்லது. யார் வரைந்தார்கள், யாருக்காக என்ற கேள்வி தானாக வரும்.

டிப்ளோமா மாணவர் தானே ஆய்வு செய்து 4,000 சொல் வரை எழுதும் நீட்டிப்புக் கட்டுரைக்கும் (Extended Essay) இதே வழிதான். தலைப்பைத் தேடாதீர்கள், கையில் எடுத்து வேலை செய்யக்கூடிய ஆதாரத்தைத் தேடுங்கள். வேறு மொழியில் உங்களால் படிக்க முடிந்த செய்தித்தாள் தொகுப்பு, வகுப்பில் மற்றவர் தொடமுடியாத ஆதாரம். அதைப் பயன்படுத்துங்கள்.

இணையப் படத்தைப் பாடத்தாளில் போடலாமா?

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (மற்றவர் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டித் தரும் அனுமதி) உள்ளதைத் தேர்ந்தெடுத்து, படைத்தவர் பெயரையும் உரிமத்தையும் கீழே எழுதுங்கள். விக்கிமீடியா பொதுவகத்தில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமம் தெளிவாக இருக்கும். பிள்ளைகளின் ஓவியத்துக்கும் அவர்களே உரிமையாளர்கள். பள்ளி இதழில் போடுவதற்கு முன் அவர்களையும் கேளுங்கள்.

இணையம் மெதுவாக இருக்கிறது, சில தளங்கள் திறப்பதே இல்லை.

ஃபெட் சிமுலேஷன்களைத் தரவிறக்கி இணையமில்லாமல் ஓட்டலாம். கோலிப்ரி என்ற இலவச மென்பொருள், ஒரு சாதாரணக் கணினியில் பாடங்களைச் சேமித்து வகுப்பு முழுவதுக்கும் பரிமாறும்.

ஆண்டு நடுவில் ஒரு பிள்ளை கிளம்புகிறது. வகுப்பில் என்ன செய்வது?

டேவிட் பொல்லாக் என்பவர் இடம்பெயரும் குடும்பங்களுக்காகச் சொன்ன நான்கு படிகள் இங்கே கைகொடுக்கும். மனக்கசப்பு இருந்தால் தீர்த்துக்கொள்வது, முக்கியமானவர்களுக்கு நன்றி சொல்வது, ஆட்களிடம் மட்டுமின்றி இடங்களிடமும் விடைபெறுவது, போகப்போகும் ஊரைப் பற்றி நிதானமாக யோசிப்பது. கடைசி வாரத்தில் அந்தப் பிள்ளை தன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளியைச் சுற்றி வந்து, தனக்குப் பிடித்த இடங்களில் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதலாம். இருக்கப் போகிறவர்களையும் மறக்காதீர்கள். ஆண்டுதோறும் நெருங்கிய நண்பரை இழக்கும் பிள்ளை, புதிதாக வருகிறவரோடு பழகுவதையே நிறுத்திவிடும். இருக்கப் போகிறவருக்கும் அந்தப் பள்ளிச் சுற்றில் ஒரு வேலை இருக்க வேண்டும்.

பிள்ளைகள் செய்தவற்றை எதில் சேமிப்பது?

எந்தத் தளமானாலும், பள்ளியை விட்டுப் போகும் நாளில் மொத்தமாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். பல பள்ளிகளில் மாணவர் கணக்கு மூடப்பட்டதும் உள்ளே இருந்த கதைகளும் படங்களும் போய்விடுகின்றன. பருவம் முடியும்போதெல்லாம் பிடிஎஃப் ஆக்கி, பெற்றோரின் சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இருமொழிப் புத்தகம் செய்திருந்தால் நூலகத்துக்கு ஒன்று, பிள்ளையின் பெட்டிக்கு ஒன்று என்று ஆரம்பத்திலேயே இரண்டாக அச்சிடுங்கள்.